உப்பில் அறுந்த நூல்

என் வலது கையில ஒரு மஞ்சள் நூல் கட்டியிருந்துச்சு. மூணு முடிச்சு. கட்டினவரை நாங்க அய்யான்னு கூப்பிடுவோம். செங்கல்பட்டுல ஏரிப் பக்கம் ஒரு ஓட்டு வூட்ல வியாழக்கெழமைதோறும் அவரோட கூட்டம் நடக்கும். அந்த நூலு தானா அறுந்துச்சுன்னா நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கன்னு அர்த்தம். அதான் அங்க சட்டம். மத்த பொம்பளைங்க கையில அது ஆறு மாசம், ஒரு வருஷம்னு தாங்குச்சு. என் கையில பதினஞ்சு நாளு தாங்கினாப் பெரிசு. அப்ப நான் எம்மாம் பெரிய பாவியா இருக்கணும், நீங்களே பாத்துக்குங்க.

இப்ப நெனச்சா சிரிப்பு வருது. அப்ப ஒவ்வொரு தடவை அறுந்தப்பவும் கைய முந்தானைக்குள்ள மறைச்சிக்கினு தான் அங்க போயி நிப்பேன்.

நான் கடக்கரைக்காரி. பொறந்தது மகாபலிபுரத்துக்கு வடக்கால ஒரு குப்பம். வாழ்க்கைப்பட்டது புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துல இன்னொரு குப்பம். எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன், அதனாலதான் இதை நானே எழுதிக்கினு கீறேன். எழுவதுகளோட ஆரம்பம் அது. கல்பாக்கத்துல அணுமின் நிலையம் கட்டிக்கினு இருந்தாங்க, புதுப்பட்டினம் மார்க்கெட்ல புதுசு புதுசா ஆளுங்க வந்து மீன் வாங்குவாங்க. எங்க வூட்டுக்காரர் கட்டுமரத்துல கடலுக்குப் போவாரு. நானும் என் நாத்தனாரும், அதாவது அவரோட அக்கா, கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கினு பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போவோம்.

மொத புள்ள பொறந்து மூணாம் மாசம் காய்ச்சல்ல போயிடுச்சு. ஆம்பளப் புள்ள. அத்தைப் பத்தி இதுக்கு மேல எழுத என்னால ஆவாது. எல்லாரும் வந்தாங்க, எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினாங்க: அழாத, அடுத்தது பொறக்கும், அழாத. செங்கல்பட்டுல நாங்க கூடைய எறக்கி வெச்சு நெழலுக்கு ஒதுங்குற வூட்டு அம்மா மட்டும் என் மூஞ்சியப் பாத்துட்டு, "நல்லா அழும்மா, இங்க உக்காந்து அழு"ன்னு சொல்லித் தண்ணி குடுத்தாங்க. அவங்க கையப் புடிச்சிக்கினுதான் மொத மொதல்ல அந்த ஓட்டு வூட்டுக்குப் போனேன். உண்மையச் சொல்லணும், ஆரம்பத்துல அங்க எனக்கு ஆறுதல் கெடச்சுது. ஊதுவத்தி வாசனை, சத்தமில்லாத ரூமு, நான் பேசினா முப்பது பேரு காது குடுத்துக் கேக்குறாங்க. எங்க குப்பத்துல ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள ஒம்போது பேரு குறுக்கப் பேசுவாங்க.

கேட்டதெல்லாம் நோட்டுல ஏறுதுன்னு எனக்குப் புரியறதுக்கு நாளாச்சு. அய்யா பக்கத்துல பெரியக்கான்னு ஒரு பொம்பள எப்பவும் உக்காந்திருக்கும். வாரா வாரம் ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு மனசுல வந்த கெட்ட நெனப்பு, பயம், ஆசை எல்லாத்தையும் வாய் விட்டுச் சொல்லணும். பெரியக்கா எழுதிக்கும். நான் ஒருநாள் சொன்னேன்: "எனக்குக் கடலப் பாத்தா பயமா கீது. புள்ள போன மாதிரி அவரும் போயிடுவாரோன்னு இருக்கு."

இத்த நான் வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க பக்கம் கடலுக்குப் போற ஆளு வூட்ல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க. "எப்ப வருவ"ன்னு கூட கேக்கக் கூடாது. பயம் இருக்கும், எல்லா பொம்பளைங்களுக்கும் இருக்கும், ஆனா அத்த வாயில வெக்க மாட்டோம். நான் கொண்டு போயி முப்பது பேரு நடுவுல வெச்சேன். அதுவும் நோட்டுல ஏறுச்சு.

அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. மீன் தொடக் கூடாது, அது உசிரு. அப்ப நான் இன்னாத்த விக்கிறது? வெளி வூட்ல தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. எங்க குப்பத்து அம்மன் கோயிலுக்குப் போவக் கூடாது, அது சின்ன தேவதையாம், ரத்தம் கேக்குமாம். எங்க ஆத்தாவப் பாத்து சின்ன தேவதைன்னு சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அன்னியில இருந்து கோயில் பக்கம் போவல. ஒருக்கா நாத்தனாரோட பொண்ணு கல்யாணத்துக்குப் போவணும், இந்த வியாழக்கெழமை வர முடியாதுன்னு கேட்டேன். அய்யா கண்ண மூடிக்கினே கேட்டாரு: "நீ பயந்தது நடக்கணும்னு ஆசைப்படுறியா?"

நான் கல்யாணத்துக்குப் போவல. என் நாத்தனாரு ரெண்டு மாசம் என்கூட பேசல. எங்க வூட்டுக்காரர் பாடு அதுக்கும் மேல. ராத்திரியெல்லாம் கடல்ல கெடந்து வஞ்சிரம் புடிச்சிக்கினு வர்ற ஆளுக்கு வூட்ல பீர்க்கங்காக் கூட்டு. "இன்னாமே இது, மீன்காரன் வூடா, இல்ல மடமா?"ன்னு கேப்பாரு. கேட்டுட்டு அக்கா வூட்டுக்குப் போயி சாப்புட்டு வருவாரு. அடிச்சதில்ல, திட்டினதில்ல. அந்தப் பொறுமையப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும், ஏன்னா அவரு மேல ஒரு தப்பு இருந்தா எனக்குச் சவுரியமா இருந்திருக்கும்.

கருவாட்டு வேலைய மட்டும் என்னால வுட முடியல, சோத்துக்கு வழி அதுதான். தொட்டித் தண்ணில உப்பைக் கரைச்சு, மீனப் பொளந்து போட்டு, முழங்கை வரைக்கும் உள்ள வுட்டு அலசுவேன். அய்யாகிட்ட சொல்லாம செஞ்சேன். அதனால நூலு அறுந்தப்பெல்லாம், ஆகா, கண்டுபுடிச்சிட்டாருன்னு தான் நெனச்சேன்.

எத்தினியாவது தடவைன்னு கணக்கே இல்ல, அப்படி ஒரு தடவை அறுந்த அன்னிக்கு, பட்டப்பகல்ல, வூட்டுப் பின்னாடி மணல்ல உக்காந்து ஓன்னு அழுதுகினு இருந்தேன். எங்க வூட்டுக்காரர் கொஞ்ச தூரத்துல வலை முடிஞ்சிக்கினு இருந்தாரு. புது நைலான் வலை. எழுந்து வந்தாரு. தரையில கெடந்த நூல எடுத்து ரெண்டு வெரலால தேச்சுப் பாத்தாரு. பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சு வந்துச்சு.

"இது பருத்திமே."

"அதுக்கு இன்னா இப்போ?"

"பருத்தி உப்புத் தண்ணில எத்தினி நாளைக்குத் தாங்கும்? ஒங்க நைனா பருத்தி வலை தானே வெச்சிருந்தாரு. பட்டைச் சாயம் ஏத்தாம ஒரு மாசம் வெச்சிருப்பாரா?"

அவ்ளோ தான் சொன்னாரு. திரும்பப் போயி வலையில உக்காந்துட்டாரு.

எனக்கு அழுகை நின்னு போச்சு. எங்க நைனா மரப்பட்டையக் காய்ச்சி வலைக்குச் சாயம் ஏத்துறப்ப, அடுப்புல வெறகு தள்ளினவ நான். அஞ்சு வயசுல இருந்து தள்ளினேன். சாயம் ஏத்தலன்னா உப்பு வலையத் தின்னுடும்னு எங்க குப்பத்துல பால் குடிக்கிற புள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து வெரலும் ஊறுறது உப்புத் தண்ணில, கட்டியிருக்கிறது பருத்தி நூலு, அறுந்தா பாவமாம்! ஒரு கடக்கரைக்காரி இத்த நம்பினாளேன்னு என் மேலயே எனக்கு வந்த கோவம் இருக்கே, கன்னத்துல நாலு போட்டுக்கினேன். மெய்யாலுமே போட்டுக்கினேன்.

அடுத்த வியாழக்கெழமை கெளம்பறப்ப எங்க வூட்டுக்காரர்கிட்ட ஒரு மொழம் நைலான் நூலு வாங்கி மடியில கட்டிக்கினேன். அங்க போயி, என் மொறை வந்தப்ப எந்திரிச்சு நின்னு, அத்த எடுத்து நீட்டினேன்.

"அய்யா, உப்புல பருத்தி அழுகுது. எனக்கு இதுல கட்டுங்க."

பெரியக்கா எழுதிக்கினு இருந்த கை நின்னுச்சு. அய்யா கண்ணத் தொறந்தாரு. நான் அங்க போயிக்கினு இருந்த ரெண்டு வருஷத்துல அவரு என்ன நேரா பாத்தது அன்னிக்குத் தான். "இது பூஜைக்கு ஆவாது"ன்னாரு.

"ஏன் ஆவாது? இது அறுந்தே போவாது. அப்ப நான் பாவமே பண்ண மாட்டேன் இல்ல?"

பின்னாடி யாரோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சிட்டா. முப்பது பேரும் திரும்பிப் பாத்தாங்க. அய்யா கையத் தூக்கினாரு. சத்தம் போடல, அவரு எப்பவும் சத்தம் போட மாட்டாரு. "இந்தப் படியத் தாண்டினா ஒன் புருஷனக் கடல் எடுத்துக்கும்"னாரு. நான் சொன்ன பயத்தையே எடுத்து எனக்கே திருப்பிக் குடுத்தாரு.

நான் படியத் தாண்டினேன். பெரிய வீராங்கனை மாதிரி எழுதிட்டேன், ஆனா அந்தத் தெம்பெல்லாம் பஸ் ஏறுற வரைக்கும் தான். புதுப்பட்டினத்துல எறங்கினப்ப கூடைய பஸ்லயே வுட்டுட்டு எறங்கிட்டேன்.

அந்த வூட்ல இருந்து வெளிய வந்துட்டேனே தவிர, அந்த வார்த்தை என்கூடவே பஸ் ஏறி வந்துடுச்சு. நூலு பொய்யின்னு தெரியுது. சாபம் பொய்யின்னு எப்படித் தெரியும்? அதுக்கு எங்க வூட்டுக்காரர் செத்தா தானே தெரியும்? அவரு கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு எறங்காது. வயித்து வலின்னு உருண்டேன், அன்னிக்குப் போவல. தலை சுத்துதுன்னேன், போவல. ஒருநாள் துடுப்பைக் கொண்டு போயி வெறகுக் கட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். கண்டுபுடிச்சிட்டாரு. மொத தடவையா கத்தினாரு: "ஒனக்குப் பேய் புடிச்சிருக்காமே? நான் கடலுக்குப் போவாம கலெக்டர் ஆபீசுக்கா போவேன்?"

அன்னிக்கு மீன் பொளந்துகினு இருந்தப்ப நாத்தனாரு கேட்டுச்சு, "இன்னாடி ஒனக்கு?" கேக்குறவங்க எல்லாரும் நோட்டு வெச்சிருக்கிற மாதிரியே எனக்குத் தோணும் அப்ப. ஆனா அதோட கையில கத்தி, மூஞ்சியெல்லாம் மீன் செதிலு. இதுல நோட்டு எங்க கீது? சொல்லிட்டேன். சாபத்த, துடுப்ப, எல்லாத்தையும். நாத்தனாரு கையில இருந்த சங்கரா மீன ரெண்டாப் பொளந்து தொட்டியில போட்டுச்சு. "அந்தக் கஸ்மாலம் சொன்னா கடல் கேக்குமா? எங்க நைனா, ஒன் மாமனாரு, நாப்பது வருஷம் கடலப் பாத்துக் கத்தினாரு, அவரு பேச்சையே கேக்கல"ன்னுச்சு. அப்புறம் உப்ப அள்ளிப் போட்டுக்கினே, "நானும் அவன் வர்ற வரைக்கும் கரையப் பாத்துக்கினு தான்டி இருப்பேன். அவன் எனக்குத் தம்பி"ன்னுச்சு.

மறுநாள் நான் பயந்துகினே வந்தேன், எங்க அதை எடுத்துப் பேசுமோன்னு. பேசல. அதுக்கு மறுநாளும் பேசல. கோவம் வந்து என்ன வாயில வந்தபடி திட்டின நாள்ல கூட அத்த எடுத்து எம்மேல வீசல. நான் சொன்னது அதுகிட்ட பத்திரமா இருந்துச்சு. இப்படி ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா தூங்கலாம்னு அன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

சாமி விஷயம் மட்டும் பாக்கி இருந்துச்சு. கோயிலுக்குப் போவ எனக்கு வெக்கம். ரெண்டு வருஷம் ஆத்தாவ எட்டிப் பாக்காம, எதிரி வூட்ல போயி உக்காந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு. மாசி மகம் வந்தப்ப நாத்தனாரு என்ன இழுத்துக்கினு மகாபலிபுரம் போச்சு. மாசி மகத்துக்கு எங்கெங்கேயோ இருந்து சாமிங்க கடலுக்குக் குளிக்க வரும். இருளருங்க குடும்பம் குடும்பமா வந்து மணல்லயே தங்கி, அவங்க கன்னியம்மாவக் கும்பிடுவாங்க. விடிஞ்சும் விடியாத நேரத்துல ஒரு இருளப் பொம்பள ஈர மணல்ல ஏழு படி கட்டி, பூ வெச்சு, பொரி வெச்சு, ஒடம்புல ஒரு பயமும் இல்லாம நின்னுகினு சத்தமா கேட்டுச்சு: "போன வருஷம் கேட்டேன், நீ குடுக்கல. இந்த வருஷமாச்சும் குடுப்பியா, மாட்டியா?" கேட்டுட்டு, சாமிக்கு வெச்ச பொரியில ஒரு பிடி எடுத்து வாயில போட்டுக்கினு, பக்கத்துல நின்ன எனக்கும் ஒரு பிடி குடுத்துச்சு.

நான் வாங்கித் தின்னேன். வெளி ஆளு கையால வாங்கித் தின்னேன். அப்படியே முட்டி வரைக்கும் தண்ணில எறங்கி நின்னு, என் ஆத்தாகிட்ட நானும் கேட்டேன். "ஆத்தா, நீ அந்த ஆளு சொன்னத செய்யிற வேலைக்காரியா? என் மேல கோவம்னா என்ன அறை. எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு ஒன்ன?" அலை வந்து இடுப்பு வரைக்கும் நனைச்சுட்டுப் போச்சு. அசரீரி ஒண்ணும் கேக்கல. ஆனா எனக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது. நான் பொறந்ததுல இருந்து இவ என்ன ஒரு கேள்வி கேட்டதில்ல. நான் போனப்பவும் தடுக்கல, வந்தப்பவும் எங்க போயிருந்தன்னு கேக்கல. பெத்தவ வூட்டுக்கு வந்தா கணக்கா கேப்பா? சேலை பிழிய பிழிய நான் சிரிச்சேன், நாத்தனாரு என்னப் பாத்து, "அய்ய, இதுக்குக் கிறுக்குப் புடிச்சிச்சா"ன்னுச்சு.

அந்த வருஷம் ஐப்பசியில தான் நான் பயந்த நாளு வந்துச்சு. எங்க குப்பத்துல இருந்து அஞ்சு கட்டுமரம் கடலுக்குப் போச்சு, அதுல எங்க வூட்டுக்காரரும் ஒருத்தர். பதினோரு மணிக்கெல்லாம் திரும்ப வேண்டியவங்க. வாடைக் காத்து திடீர்னு ஏறிச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒரு மரமும் வரல. மறுநாள் காலையில செங்கல்பட்டுக்குக் கருவாடு கொண்டு போனவங்க வாயோட வாயா சேதி அங்க போயிடுச்சு. மத்தியானம் பஸ்ல பெரியக்கா வந்து எறங்குச்சு, கூட ரெண்டு பொம்பளைங்க.

நாங்க எல்லாரும் கரையில உக்காந்திருந்தோம், போனவங்க பொண்டாட்டிங்க, அம்மாங்க, அக்காங்க. பெரியக்கா செருப்பைக் கையில புடிச்சிக்கினு மணல்ல நடந்து நேரா என்கிட்ட வந்துச்சு. பையில இருந்து புது நூலு எடுத்துச்சு.

"அய்யா குடுத்து அனுப்பினாரு. இன்னும் நேரம் இருக்கு. கைய நீட்டு, ஒன் புருஷன் வந்துடுவான்."

பொய் சொல்ல மாட்டேன், என் கை எந்திரிச்சுது. ரெண்டு வருஷம் பழக்கின கை. கடலப் பாத்தேன், ஒரு புள்ளி கூட இல்ல. நூலு அழுகும்னு தெரியும், அய்யா பொய்யருன்னு தெரியும், எல்லாம் தெரிஞ்சும் கட்டிக்கினா இன்னா கெட்டுப்போச்சு, ஒருவேளை, ஒருவேளைன்னு மனசு அடிச்சுக்குது. அப்போ என் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு மேல கண்ணு போச்சு. கல்யாணம் ஆயி நாலு மாசம் தான். அவ புருஷனும் போயிருக்கான்.

எனக்குள்ள ஏதோ எழும்பி நின்னுச்சு. நானும் நின்னேன்.

"அஞ்சு மரம் போயிருக்கு. நான் நூல அறுத்தேன், சரி. இதோ, இந்தப் பொண்ணு இன்னாத்த அறுத்தா? அதோ அந்த அம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க போயிருக்காங்க, அவங்க ஒங்க அய்யா மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல. எனக்குப் பாடம் சொல்லித் தர்றதுக்கு அத்தினி பேரையும் முழுங்குமா ஒங்க சாமி? அப்படி ஒரு சாமி இருந்தா அது எனக்கு வாணாம். என் ஆத்தா அப்படிப்பட்டவ இல்ல."

"நல்லா யோசிச்சுப் பேசு. நாளைக்கு அழுவ."

"அழுவேன்! எங்க வூட்டுக்காரரு வரலன்னா இந்த மணல்ல உருண்டு அழுவேன், கோயில்ல போயி ஆத்தாவத் திட்டிக்கினே அழுவேன், இவங்க மடியில வுழுந்து அழுவேன். ஒங்க நோட்டுல எழுதறதுக்கு மட்டும் அழ மாட்டேன். வந்த பஸ்ஸு திரும்பறதுக்குள்ள கெளம்புங்க."

என் கொரலு எனக்கே புதுசா இருந்துச்சு. நாத்தனாரு எந்திரிச்சு வந்து என் தோள்ல தோள் இடிக்க நின்னுச்சு. அப்புறம் அந்தப் புதுப் பொண்ணு. அப்புறம் கரையில இருந்த அத்தினி பேரும். யாரும் கை ஓங்கல, ஒரு கெட்ட வார்த்தை சொல்லல, நாத்தனாரு கூட சொல்லல, அது எவ்ளோ பெரிய அதிசயம்னு அதைத் தெரிஞ்சவங்களுக்குத் தான் தெரியும். பெரியக்கா நூலப் பையில போட்டுக்கினு திரும்பி நடந்துச்சு.

அதுக்கப்புறம் தான் நான் உக்காந்தேன். அவரு உசிரோட இருக்காரா இல்லையான்னு எனக்கு அப்பவும் தெரியாது. நெஞ்சு படபடன்னு தான் அடிச்சுது. ஆனா அந்தப் படபடப்பு ஒரு பொண்டாட்டியோட படபடப்பு, அவ்ளோ தான். அதுக்குள்ள அய்யா இல்ல. தேடிப் பாத்தேன், இல்லவே இல்ல.

பொழுது சாயிறப்ப ரோட்டுல ஒரு சவுக்குக் கட்டை லாரி வந்து நின்னுச்சு. கட்டைங்க மேல எங்க ஆளுங்க, கத்திக்கினே வர்றாங்க. காத்து அஞ்சு மரத்தையும் தெக்கால தள்ளி, செய்யூர் பக்கம் ஒரு குப்பத்துல கரை ஏத்தியிருக்கு. அங்க கஞ்சி ஊத்தி, லாரி புடிச்சு ஏத்தி அனுப்பியிருக்காங்க. எங்க வூட்டுக்காரர் ஒதடு வெடிச்சு, கண்ணு செவந்து எறங்கினாரு. நான் ஓடிப் போயி கட்டிப்புடிச்சேன்னு எழுதினா நல்லா இருக்கும். நான் அவரு சட்டையப் புடிச்சு, "எங்கய்யா போயித் தொலைஞ்ச"ன்னு ஊரே கேக்கத் திட்டினேன். அப்புறம் தான் அழுதேன். அவரும் அழுதாரு.

அவரு திரும்பி வந்ததால தான் நான் ஜெயிச்சேன்னு சில பேரு சொல்வாங்க. இல்ல. கரையில நான் எந்திரிச்சு நின்னப்பவே அது முடிஞ்சு போச்சு. அவரு வந்தது என் பாக்கியம், அதுக்கு ஆத்தாவுக்கு ஒரு கும்பிடு.

நாலு நாளு கழிச்சு கடல் அடங்குச்சு. மரத்த லாரியில ஏத்திக் கொண்டாந்துட்டாங்க. இருட்டு பிரியற நேரத்துல அவரு துடுப்பைத் தோள்ல போட்டுக்கினு வாசல்ல நின்னாரு. போவல, நின்னுகினே இருந்தாரு. நான் எதைக் காட்டி மறிக்கப் போறேனோன்னு அவருக்குச் சந்தேகம்.

"இன்னாமே, ஒண்ணும் சொல்லல? பயமா இல்ல?"

"இருக்கு"ன்னேன். வாசப்படியில நின்னு, எங்க குப்பத்துல எந்தப் பொம்பளையும் சொல்லாதத, அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். "பயம் இருக்கு. நீ போயிட்டு வாய்யா."